மச்சானின் பெருவிரலும் எத்தாளைக்காரர் மீது விழுந்த பழியும்

என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவரான மச்சானை நினைத்தால், தலையணை மேல் தூக்கி வைத்திருந்த அவருடைய வலது கால் பெருவிரல்தான் முதலில் கண்முன் வருகிறது. சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. போர்வையின் ஓரம் பட்டாலே துடித்துப்போனார். முந்திய நாள் பின்னேரம்தான் மைதானம் முழுக்க ஓடியிருந்தார். உப்பளத்தில் வேலை, ஓய்வு நாட்களில் உதைபந்தாட்ட நடுவர். அந்த ஆட்டத்தில் பக்கத்து ஊரான எத்தாளையின் அணியைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர் ஒருவர் அவருடைய காலை மிதித்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். “வேணுமெண்டுதான் மிதிச்சான்” என்று மச்சான் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ராத்தா எண்ணெய் பூசினார். ஒரு கிழமையில் வீக்கம் வற்றியது. எண்ணெய்தான் சுகமாக்கியது என்று நம்பினோம். எத்தாளைக்காரருக்கு மட்டும் மன்னிப்புக் கிடைக்கவில்லை. அவர் ஸலாம் சொன்னால் மச்சானின் பதில் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். ஒரு வருடம் கழித்து, ஆட்டம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, அதே விரல் வீங்கியது. “பழைய அடி” என்றார். பிறகு ஆறு மாதத்தில் வந்தது, பிறகு மூன்று மாதத்தில். நான்காம் வருடம் இடது கணுக்காலையும் பிடித்தது. அதை யாரும் மிதிக்கவில்லை. மச்சான் மைதானத்துக்குப் போவதை நிறுத்தினார். பந்துச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் அவரைச் சிலாபம் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன்.

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டொக்டரம்மா தன் நிதானமான தமிழில் சொன்னார்: “இது கௌட் எண்ட மூட்டு வருத்தம். மிதிச்சு வாறதில்ல. யூரிக் அமிலம் கன வருஷமா இரத்தத்தில கூடிக்கொண்டு இருந்திரிக்கி. நோவு ஒண்டும் தெரியாது. பிறகு மூட்டுக்குள்ள பளிங்கு மாதிரிப் படியும். வீக்கம் வத்தினாலும் அது உள்ளதான் இரிக்கும். கவனிக்காம விட்டா மற்ற மூட்டுக்கும் போகும், கட்டி வரும், மூட்டே தேஞ்சிடும்.”

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “உப்புப் பாத்தி மாதிரியா டொக்டர்? தண்ணி வத்துறது கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில பார்த்தா படிஞ்சிரிக்கும்.”

“ஓம், அதேதான்” என்று டொக்டரம்மா சிரித்துவிட்டார்.

வெயிலில் தண்ணீர் குடிக்காமல் சோடா குடித்தே தாகம் தீர்த்ததும், ஈரல் கறியும் சாளை மீனும் கிழமைக்குப் பல நாள் சாப்பிட்டதும் அன்று வெளியே வந்தன. அவையும் அந்த அமிலத்தைக் கூட்டுமாம். நோவு இல்லாத நாளிலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது, தொடக்கத்தில் ஒரு தடவை வீங்கினாலும் பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். சொன்னபடியே இரண்டாம் மாதம் வீங்கியது. மச்சான் மாத்திரையை எறியப் போனார். ராத்தா பிடுங்கி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வீக்கம் வருவது மெல்ல மெல்ல நின்றது. ஒரு வருடம் கழிந்து அவர் மறுபடி மைதானத்தில் ஓடியபோது, எல்லைக் கோட்டருகே நின்ற ராத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

அடுத்த நாளே, “எத்தாளைக்குப் போகணும், நீயும் வா” என்றார் மச்சான். தடுப்பாட்டக்காரர் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். “தம்பி, நாலு வருஷத்துக்கு மேலா உங்களில அநியாயமாப் பழி போட்டுட்டன். மன்னிச்சிக்கோங்க” என்று மச்சான் நடந்ததை எல்லாம் சொன்னார்.

எத்தாளைக்காரர் வலையைக் கீழே வைத்தார். பிறகு உடுத்தியிருந்த சாரத்தை ஒதுக்கித் தன் காலைக் காட்டினார். பெருவிரலின் அடி மூட்டு சிவந்திருந்தது. “ரெண்டு வருஷமா வந்து வந்து போகுது, நானா. உங்கட காலை மிதிச்ச பாவம்தான் எண்டு நினைச்சி ஒருத்தருக்கும் சொல்லல்ல” என்று அண்ணனிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

மச்சான் மணலில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார்.

அடுத்த கிளினிக் நாளில் இருவரும் முதல் பஸ்ஸில் ஏறி ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். அந்த மிதி பவுலா, தற்செயலா என்று சிலாபம் வரும்வரை சண்டை பிடித்தார்கள். பஸ்ஸில் பாதிப் பேர் மச்சான் பக்கம், மீதிப் பேர் எத்தாளைக்காரர் பக்கம்.