விலகிய காரணம்: இந்தியா

உயர்தர வகுப்பில் ஆளுக்கொரு வரலாற்றுச் செயற்றிட்டம் செய்ய வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். கோயில் வரலாறு, பாலத்தின் வரலாறு என்று மற்றவர்கள் மழையில் எங்கள் ஊர் லிந்துலை முழுக்க வீடு வீடாக அலையப் போகிறார்கள். எனக்கு அந்தத் தொல்லையே வேண்டாம். எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய சேர்வு இடாப்புகள் அதிபர் அறையில் கிடந்தன. ஒவ்வொரு பிள்ளையும் எப்போது சேர்ந்தது, எப்போது விலகியது, ஏன் விலகியது என்று அவற்றில் எழுதியிருக்கும். ‘எங்கள் பாடசாலையிலிருந்து இந்தியா சென்ற பிள்ளைகள்’ என்று தலைப்பு வைத்தேன். இந்தியாவோடு ஒப்பந்தம் வந்து மலைநாட்டுத் தோட்டத்துச் சனம் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிய கதை எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. எண்ணிப் படம் வரைந்தால் வேலை முடிந்தது.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘விலகிய காரணம்’ என்ற கட்டத்தில் ‘இந்தியா சென்றார்’ என்று கண்ட இடத்திலெல்லாம் கொப்பியில் ஒரு கோடு போட்டேன். அவ்வளவுதான். பெயர்களை வாசிக்கவே இல்லை. எண்ணிக்கைதானே முக்கியம் என்று நினைத்தேன். வருடத்துக்கு ஒரு நிறம் தீட்டி, அழகான படத்தோடு டீச்சரிடம் போய் நின்றேன். பாராட்டு வரும் என்று ஒரே மிதப்பு.

டீச்சர் படத்தின் கடைசி வருடங்களின் மேல் விரலை வைத்தார். “ஏம்மா, இந்தப் பிள்ளைங்கல்லாம் எப்புடிப் போனாங்க? சண்டை தொடங்குனதுமே கப்பல் நின்னுப்போச்சே. நீந்தியா போனாங்க?”

வகுப்பு சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இடாப்பில் இருப்பதைத்தானே எழுதினேன் என்று வாதாடினேன். டீச்சர் அமைதியாக, “போறவங்க குடும்பமாத்தானே போவாங்க? இவங்க குடும்பமாப் போனாங்களா, தனித்தனியாப் போனாங்களான்னு பாத்தியா?” என்று கேட்டார். பார்க்கவில்லை. அவர் சொன்னது தப்பென்று காட்டுவதற்காகவே திரும்பவும் அதிபர் அறைக்குப் போனேன்.

இந்த முறை அந்தக் கடைசி வருடங்களின் பெயர்களை வாசித்தேன். நாலாவது பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தது.

வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் தாத்தாவின் பெயர், எங்கள் தோட்டத்து டிவிசன், எங்கள் வீட்டு வரிசையான லயத்தின் இலக்கம். எல்லாம் சரியாக இருந்தன. வயது பத்து. இந்தியா சென்றார். அதற்கு மேல் வரியில், அதே திகதியில், அத்தையின் பெயர். வயது பன்னிரண்டு. இந்தியா சென்றார்.

அத்தை போனது சரி. அப்பாவின் அக்கா சொந்தக்காரர்களோடு இந்தியாவுக்குப் போனவர், திருச்சிப் பக்கம் இருக்கிறார் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஆனால் அப்பா? கப்பல் புறப்படும் மன்னார்க் கடலைக்கூடப் பார்க்காத மனிதர். பழைய மாஸ்டர் தூக்கத்தில் எழுதிவிட்டார் போல என்று எனக்குச் சிரிப்பு வந்தது. போய் அப்பாவை ஒரு கை பார்க்கலாம் என்று வேகமாக வீட்டுக்கு நடந்தேன்.

தேயிலை அரைக்கும் ஸ்டோரில் காலை வேலை முடித்து வந்த அப்பா தண்ணீர் விழும் பீலிக்கரையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வந்து பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஏன்ப்பா, இந்தியாவுக்குப் போய் வந்தத எங்ககிட்ட சொல்லவே இல்லையே? எனக்கு ஒரு சீலை வாங்கியாந்திருக்கலாம்ல?” என்றேன்.

அப்பா சிரிக்கவில்லை. கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தார். “எதுல பாத்த?” என்றார்.

இடாப்பைப் பற்றிச் சொன்னேன். அப்பா பீலித் தண்ணீரில் கையைக் கழுவினார்.

“பள்ளிக்கூடத்துல பெரிய மாஸ்டர் கேட்டா இந்தியாவுக்குப் போறோம்னு சொல்லணும்னு ஒங்க தாத்தாதான் சொல்லிக் குடுத்தாரு. எல்லாரும் அப்புடித்தான் சொன்னாங்க. இந்தியான்னு சொன்னா யாரும் தேடி வர மாட்டாங்க.”

“அப்ப எங்க போனீங்க?”

“கொழும்புக்கு. வீட்டு வேலைக்கு.”

பத்து வயதில். என் அப்பா. லயத்தில் பாத்திரம் துலக்கும் ஒரே ஆம்பிளை என்று ஊரே கேலி செய்யும், நானும் சேர்ந்து செய்திருக்கிறேன். “அத்தை?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேரையும் ஒரே வேன்லதான் கூட்டிட்டுப் போனாங்க. என்னைய ஒரு வீட்டுல எறக்கி விட்டாங்க. அக்கா எறங்க வந்துச்சு, நீ இல்ல, ஒனக்கு வேற வீடுன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டாங்க.” அப்பா ஈரக் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். “பதினாறு வயசுல நான் ரயிலேறி நம்ம தலவாக்கலைக்கு ஓடி வந்துட்டேன். அது வரல. தாத்தா தேடிப் போனாரு. அக்காவ விட்டதாச் சொன்ன வீட்டுல வேற ஆளுங்க இருந்தாங்க. கூட்டிட்டுப் போனவரையும் காணல. திரும்பி வந்து, அவ இந்தியாவுக்குப் போயிட்டான்னே எல்லாருகிட்டயும் சொல்லிட்டாரு.”

அம்மா அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இந்தியாவில் ஒரு நாத்தனார் இருக்கிறார் என்றுதான் அவரும் நம்பியிருக்கிறார். “என்கிட்டகூட சொல்லலையே” என்று மட்டும் சொன்னார்.

நான் கத்தினேன். பொலிசுக்கு ஏன் போகவில்லை, ஏன் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை என்று பக்கத்து வீடுகளுக்குக் கேட்கக் கத்தினேன். அப்பா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு யார்மேல் கோபம் என்று எனக்கே விளங்கவில்லை. செத்துப்போன தாத்தா மேலா, எழுதின மாஸ்டர் மேலா, ஒரு கோடு போட்டுவிட்டுப் போன என் மேலா?

மறுநாள் மிச்சப் பெயர்களை வாசித்தேன். கப்பல் நின்ற பிறகு ‘இந்தியா சென்ற’ பிள்ளைகளில் ஒருவர் எங்கள் லயத்திலேயே மூன்று காம்பரா தள்ளிக் குடியிருக்கிறார். இன்னொருவர் என் கூட்டாளியின் அம்மா. மற்றவர்களை யாருக்கும் தெரியவில்லை. டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் என் படத்தை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். பிறகு, “எழுதுறதும் விடுறதும் ஒன் இஷ்டம். ஆனா அப்பாகிட்ட கேட்டுட்டு எழுது” என்றார்.

அன்று சாயந்திரமே கேட்டேன். வேண்டாம் என்பார், வெட்கப்படுவார் என்று நினைத்தேன்.

“எழுது. பேரையும் போடு” என்றார் அப்பா. “அக்காவுக்கு இடது புருவத்துல ஒரு வெட்டுக் காயம் இருக்கும். அதையும் எழுது. நல்லாப் பாடும். அதையும் எழுதிரு.”

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

“இது பரீட்சைக் காயிதந்தானே? கொழும்புக்குப் போகும்ல?”

புள்ளிகள் மட்டும்தான் போகும். அந்தக் கோப்பை எங்கள் டீச்சரைத் தவிர யாரும் திறக்கப் போவதில்லை.

“போகும்ப்பா” என்றேன்.