கிப்லாவுக்குச் சோத்துக்கைப் பக்கம்

என் மகளுக்கு என்மேல் ஒரு கோபம் உண்டு. அவளுடைய வாப்பாவை யோர்தான் நாட்டிலேயே அடக்கச் சொன்னவள் நான்தான் என்ற கோபம். கல்முனையில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கடலோரமாக மையவாடி இருக்கிறது. அவருடைய உம்மா, வாப்பா, கூடப்பிறந்த காக்கா எல்லாரும் அங்கேதான். "வாப்பாவ மட்டும் தெரியாத மணலுக்க விட்டுட்டீங்களே உம்மா" என்று ஒவ்வொரு பெருநாளைக்கும் சொல்லுவாள். அந்த மணல் எனக்குத் தெரிந்த மணல் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அவர் அங்கே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் மெக்கானிக். மகளை ஊரில் என் கூடப்பிறந்த ராத்தாவிடம் படிக்க விட்டுவிட்டு நானும் போய்ச் சில வருடங்கள் அவரோடு இருந்தேன். இரண்டு அறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே இன்னொரு சுவர். கதைக்க ஆளில்லை. பைத்தியம் பிடிக்காத குறை. அப்போதுதான் பக்கத்தில் பாலைவனத் தேசியப் பூங்கா ஒன்று இருப்பதும், காலையில் நுழைந்து மாலைக்குள் திரும்பும்படி அதற்குள் நடைபாதைகள் இருப்பதும் தெரிய வந்தது. போவோம் என்றேன்.

ஊரில் நாலு வீடு தள்ளியிருக்கிற பள்ளிவாசலுக்கும் மோட்டார் சைக்கிளை உதைக்கிற மனுஷன் அவர். "நடக்கிறதுக்கெண்டு ஒரு இடத்துக்கு வாகனத்தில போறதா? ஊராக்கள் கேட்டாச் சிரிப்பாங்க" என்றார். ஊரார் இருந்தது கடல் தாண்டி. இழுத்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் முணுமுணுத்தார். அடுத்த முறை முணுமுணுப்புக் குறைந்தது. பிறகு வியாழன் இரவே நடைக்குப் போடும் சப்பாத்தைத் துடைத்து வைக்க ஆரம்பித்தார். வெள்ளியில் ஜும்ஆத் தொழுகை முடிந்து குட்டிப் பாதை, பெருநாள் விடுமுறையில் நீண்ட பாதை. சிவந்த மலைகளுக்கு நடுவே வழிநெடுகக் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு கல்லடுக்கிலிருந்து அடுத்தது தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். அந்தப் பாறை வாசமும் ரொட்டிக்குள் நான் சுருட்டிக் கொண்டுபோகும் மாசிச் சம்பலின் வாசமும் இன்றைக்கும் எனக்குச் சேர்ந்தேதான் ஞாபகம் வரும்.

ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் வழி தவறினோம். தொழிற்சாலையின் வான் வண்டியை இரவல் வாங்கி, பூங்கா வாசலில் நிறுத்திவிட்டுக் கிழக்கே நடந்திருந்தோம். உச்சி சாய்ந்து லுஹர் தொழுகை நேரம் பாதையை விட்டு விலகி ஒரு பாறை நிழலுக்குப் போனோம். மனுஷன் கடற்கரைப் பிறவி. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு போத்தலைத் தாராளமாக ஊற்றி, முகம் கைகால் கழுவி வுழு செய்தார். "மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்தாப் போதாதா? இது என்ன எங்கட வீட்டுக் கிணறா?" என்று ஏசினேன். சிரித்தார். மக்கா இருக்கும் திசையான கிப்லாவைப் போனில் பார்த்துத் தொழுதோம், சாப்பிட்டோம். எழும்பிப் பார்த்தால் காற்று எங்கள் கால்தடத்தை மூடியிருந்தது. போனும் செத்திருந்தது.

"பயப்பிடாத புள்ள. வான் வட்டைப் பக்கம்தானே நிக்கிது. கிப்லாவுக்கு நேரே நடந்தாச் சரி" என்றார். ஓம் என்றேன்.

எங்கள் ஊரில் கிழக்கு, மேற்கு என்று யாரும் கதைப்பதில்லை. கிழக்கில் கடல், அது கடற்கரைப் பக்கம். மேற்கில் வயல்வெளி, அது வட்டைப் பக்கம். கிப்லாவும் அந்தப் பக்கம்தான். தொழ நின்றால் கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பிறந்ததிலிருந்து உடம்பு படித்து வைத்த பாடம் அது. மக்கா யோர்தானுக்குத் தெற்கே இருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருடைய மண்டையிலும் ஏறவில்லை. மேற்கென்று நினைத்துத் தெற்கே நடந்தோம்.

கல்லடுக்கு ஒன்றையும் காணோம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. தண்ணீர் அடியில் கொஞ்சம் கிடந்தது. நீங்க குடிங்க, நீ குடி என்று மாறி மாறிப் போத்தலைத் தள்ளிக்கொண்டோம். ராத்தா வீட்டில் இருக்கிற மகளுடைய முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

வெயில் சாய, அஸர் தொழுகை நேரத்துக்குப் பக்கமாக எனக்கு வலது கன்னம் மட்டும் சுட்டது. நின்றேன். ஊரில் பின்நேரம் வட்டைப் பக்கம் போனால் வெயில் மூஞ்சியில் அல்லவா அடிக்கும்?

"இஞ்ச பாருங்க, சூரியன் ஏன் பக்கத்தால வருது?"

சூரியனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். "அடி அல்லாஹ்! இது கல்முனைக் கிப்லா இல்லகா! சோத்துக்கைப் பக்கம் திரும்பு!"

சோத்துக்கைப் பக்கம் திரும்பி வெயிலுக்கு நேரே நடந்தோம். மேடொன்று ஏறியதும் கல்லடுக்கு தெரிந்தது. அதற்கும் அப்பால், தீப்பெட்டி அளவில், எங்கள் வான். நான் அழுதுவிட்டேன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மணலில் நின்றார். வாங்க என்றால் வருவதாக இல்லை.

"என்ன அமைதி பாத்தியா? எங்கட ஊரில கடலும் வாய் மூடாது, சனமும் வாய் மூடாது. நான் மௌத்தானா இஞ்சயே அடக்கி வச்சிரு" என்று சிரித்தார்.

"வாயக் கழுவுங்க" என்றேன்.

சப்பாத்தைப் போட்டு, குனிந்து கயிற்றைக் கட்டும்போது இன்னொரு தரம் சொன்னார்: "பகிடி இல்ல புள்ள."

கல்யாணம் முடித்திருந்த மகளுடைய பிள்ளைப்பேற்றுக்காக நான் முன்னால் ஊருக்கு வந்தேன். ஒப்பந்தம் முடிந்ததும் அவரும் வருவதாக இருந்தது. அதற்குள் நெஞ்சுவலி வந்து, அவர் தூக்கத்திலேயே மௌத்தாகிவிட்டார். தொழிற்சாலையிலிருந்து போனில் கேட்டார்கள்: மையித்தை அனுப்புவதா, இங்கேயே அடக்குவதா? வீடு நிறைய ஆட்கள். அவருடைய தம்பிமார் கொண்டுவரத்தான் வேண்டும் என்றார்கள். மகள் பச்சை உடம்போடு வாசலில் நின்று என்னையே பார்த்தாள். அங்கேயே அடக்குங்க என்றேன். காரணம் சொல்லவில்லை. மணலில் நின்று சொன்ன ஒரு வார்த்தையை அந்தக் கூட்டத்தில் யாரிடம் சொல்ல?

போன கிழமை மகள் மறுபடியும் அந்தக் கதையை எடுத்தாள். இந்த முறை வான், போத்தல், கன்னத்து வெயில் எல்லாவற்றையும் சொன்னேன். வழி தவறிய இடத்தில் அவள் சிரித்தே விட்டாள். மணலில் நின்று அவர் சொன்னதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"வாப்பா சிரிச்சிக்கிட்டா சொன்னார்?"

"முதல்ல சிரிச்சார். மறுகா சொல்லக்குள்ள சிரிக்கல்ல."

போனை எடுத்து உலகப் படத்தைத் தேடினாள். ஒரு விரலால் கிப்லாவைக் காட்டினாள். அடுத்த விரலைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தாள். "உம்மா, நாம இஞ்ச தொழ நிண்டா, வாப்பா கிப்லாவுக்குச் சோத்துக்கைப் பக்கம் இருக்கார். கொஞ்சம்தான்."

அதற்குள் அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அவள் தன் தொழுகைப் பாயைக் கொண்டுவந்து என் பாய்க்கு அருகே விரித்தாள். தொழுகை அல்லாஹ்வுக்கு, அதில் வேறு யாருக்கும் பங்கில்லை, அது எங்களுக்குத் தெரியும். ஆனால் தொழுது முடித்துத் தலையைத் திருப்பி முதல் ஸலாம் சோத்துக்கைப் பக்கம்தானே கொடுக்கிறோம்? அந்தப் பக்கம் திரும்பினேன். பிறகு இடது பக்கமும் கொடுத்து முடித்துப் பார்த்தால், என் மகள் இன்னும் சோத்துக்கைப் பக்கமே திரும்பியிருந்தாள்.