பக்கத்து வீட்டு மீன் வாடை

பாணேரில் எங்கள் குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு குடித்தனம். காலையில் கீசரைப் போட்டுவிட்டுத் துண்டோடு நின்றால் குப்பென்று மீன் வாடை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முழுசாக ஒரு வாரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பக்கம் இருந்தது கொங்கணக் கரைத் தம்பதி. அவன் தளேகாவில் ஒரு ஃபாக்டரியில் எலெக்ட்ரீஷியன். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. கடற்கரைக்காரர்கள், பிறகென்ன சந்தேகம்? வீட்டு ஓனரோ சைவக்காரர்களுக்கு மட்டும் என்று எழுதி வாங்கித்தான் விட்டிருந்தார். பதினொரு மாத ஒப்பந்தம் அந்த மாதம் முடிகிறது. மீன் என்று காதில் விழுந்தால் புதுப்பிக்க மாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் வேவு பார்த்தேன். அவர்கள் வாசலில் வைத்த குப்பை வாளியை எட்டிப் பார்த்தேன். வெங்காயத் தோலும் டீத்தூளும்தான். முள்ளை வேறெங்கோ கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள், கைகாரர்கள் என்று முடிவு கட்டினேன்.

"குப்பையை நோண்டற அளவுக்குப் போயிட்டியே, தாயே!" என்று தலையிலடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் ஹிஞ்சேவாடி ஆபீஸ் கேபுக்கு ஓடினார். நான் ஓனருக்கு மெசேஜ் போட்டேன்.

மறுநாள் காலை அந்த எலெக்ட்ரீஷியன் வந்து பெல் அடித்தான். சண்டைக்குத்தான் என்று தயாராகக் கதவைத் திறந்தேன். அவனோ பேச வந்ததை விட்டுவிட்டு மூக்கை விடைத்து மோப்பம் பிடித்தான்.

"வஹினி, மெயின் பந்த் கரோ! ஜல்தி!"

அண்ணி என்று கூப்பிட்டவன் முகம் வெளுத்திருந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

கீசர் சுவிட்சைக் கழற்றிக் காட்டினான். உள்ளே கரி. திருகு தளர்ந்து ஒயர் மயிரிழை விலகியிருக்கிறது. அந்த இடைவெளியில் கரண்ட் காற்றைத் தாண்டிக் குதிக்கிறது. அந்தப் பொறியின் சூட்டுக்கு முன்னால் அடுப்புத் தீ ஒன்றுமே இல்லையாம். பிளாஸ்டிக் கருகி வருவதுதான் இந்த மீன் வாடை. கருகிய கரியே அடுத்த பொறிக்கு வழி போட்டுக் கொடுக்குமாம்.

"அப்புறம் போர்டுல இருக்கற எம்சிபி சுவிட்ச் ஏன் தானா விழலை?" விடாமல் கேட்டேன்.

"எப்படி விழும் வஹினி? கீசர் இழுக்கற கரண்ட்தான் பொறி வழியாவும் போகுது. அளவு மீறினாத்தானே அதுக்குத் தெரியும்? வீடு பத்திக்கற வரைக்கும் சும்மாவே இருந்திருக்கும்" என்று இந்தியில் சொன்னான். பிறகு குனிந்தபடியே, "அவ மீன் மீன்னு ஏங்கறா. கையெழுத்துப் போட்டுட்டோமேன்னு ஒரு துண்டுகூட வாங்கிட்டு வரலை" என்றான்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதே ஓனருக்கு போன் போட்டு, தப்பு என்னுடையது என்றேன்.

"வேற ஆளுக்குப் பேசி முடிச்சாச்சே" என்றார். "சுத்த சைவம். இனிமே உங்களுக்குத் தொந்தரவே இருக்காது."

மாதக் கடைசியில் லிஃப்ட் வாசலில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குத்தலே இல்லாமல் கேட்டாள்.

"அந்த வாடை போயிடுச்சா, வஹினி?"

"போயிடுச்சும்மா" என்றேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.