நாலாவது நிறுத்தம்

மோட்டார் பைத்தியம் பிடித்த துரைமார் வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் மலையில் கூடுவார்கள். மதுரைப் பக்கமிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் பதினாலு கார்கள் ஏறி வந்து கிளப் மைதானத்தில் மினுமினுத்துக்கொண்டு நிற்கும். மறுநாள் அவர்கள் மலை பார்க்கப் போக வழியும், நின்று பார்க்க நாலு இடமும் குறித்துக் கொடுக்கும் வேலை அந்த வருஷம் என் தலையில் விழுந்தது. எஸ்டேட்டில் நான் ரோடு ரைட்டர், ரோடு வேலைக்குக் கணக்கு எழுதுபவன். அதுவரை மோட்டாரில் ஒரு பர்லாங்கு கூடப் போனதில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ஆபீஸில் சிரித்தார்கள்.

சித்திரபுரத்திலிருந்து போடிமெட்டு வரை நாலு ஞாயிற்றுக்கிழமை நடந்தே வழி பார்த்தேன். எங்கே போனாய், ஏன் இத்தனை நேரம் என்று கேட்க வீட்டில் ஆளில்லை. அதனால் திரும்பும் அவசரமும் இல்லை. ஒரு காருக்கு என் குடையால் ஐந்து குடை நீளம். ரோட்டோரத்தில் குடையைப் படுக்கவைத்து அளந்துகொண்டே போன என்னைப் பார்த்து, “ரைட்டரய்யாவுக்கு முத்திப் போச்சு” என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் என்னிடம் யாராவது சிரித்துப் பேசியது அப்போதுதான்.

முதல் நிறுத்தம் ஓர் ஓடைப் பாலம், கொதிக்கும் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற. இரண்டாவது, தேயிலைச் சரிவு முழுவதும் தெரியும் ஒரு திருப்பம். மூன்றாவது, துரைசானிகள் விரிப்புப் போட்டுச் சாப்பிட ஒரு புல்வெளி. இந்த மூன்றையும் ஒழுங்காகத்தான் எழுதினேன். நாலாவதில் யோக்கியமாக நடக்கவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன், எட்டு மாதக் கர்ப்பத்தில் ஜன்னி கண்ட என் மனைவியை டோலியில் போட்டு போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மெட்டுக்கு ஒரு மைல் இருக்கும்போது ஒரு வளைவில் போய்விட்டாள். வயிற்றுச் சுமையோடு போனவளுக்குச் சுமைதாங்கி போடுவது எங்கள் முறை. நான் அந்த வளைவிலேயே போட்டேன். நெஞ்சுயரத்துக்கு இரண்டு கல், மேலே ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு தனியாக வருபவர் பிறர் கை வேண்டாமல் அதில் சுமையை இறக்கலாம், மறுபடி தலைக்கு வாங்கலாம். துணையோடு வருபவர்களுக்கு அது தேவையே இல்லை.

முதலில் நாளுக்குப் பத்துப் பேராவது அங்கே நின்றார்கள். கல்லடியில் புது வெற்றிலைத் துப்பலைப் பார்த்தாலே எனக்கு ஆறுதலாக இருக்கும். பிறகு லாரி வந்தது. தலைச்சுமை குறைந்தது. கல்லில் பாசி ஏறியது. யாராவது அங்கே வந்து நிற்கட்டும் என்றுதான் அந்த வளைவை நாலாவதாக எழுதினேன். காரில் வருகிறவர்கள் அதில் எதை இறக்கிவைப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

எங்கள் எஸ்டேட் துரை தன் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு இடங்களைப் பார்க்கப் புறப்பட்டார். அதுதான் என் முதல் மோட்டார் சவாரி. அந்த வளைவு அவருக்குப் பிடித்துவிட்டது. இறங்கி, பிரம்பால் கல்லைத் தட்டினார்.

“ரைட்டர், இது இங்கே நிக்கக் கூடாது. கார் திரும்பாது. யார் வெச்சது?”

“யாரோ, துரை.”

சொந்தக் காரியத்தை எஸ்டேட் காகிதத்தில் ஏற்றியது தெரிந்துவிடுமே என்று வாய் அப்படிச் சொல்லிவிட்டது. அந்த இரண்டு வார்த்தைக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பேசாமல் நாலாவதுக்கு வேறு ஓர் இடத்தை எழுதியிருந்தால் அந்தக் கல்லை ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை கங்காணி நாலு ஆட்களோடும் கடப்பாரையோடும் வந்தான். துரையும் நின்றிருந்தார். ஆட்கள் கல்லைத் தொடவில்லை.

“புள்ளத்தாச்சிக் கல்லுய்யா. வெச்சவுக வாயால சொல்லாம நாங்க கை வைக்க மாட்டோம்” என்றான் கங்காணி.

அது யாருடைய கல் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேர் அன்று டோலி தூக்கியவர்கள். துரைக்கு முன்னால் என் பெயரைச் சொல்லாமல், எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

“எடுங்க” என்றேன்.

உருட்டித் தள்ளாமல் பலகைக் கல்லை மெதுவாக இறக்கி ரோட்டோரம் படுக்கவைத்தார்கள். கால் கற்களைப் பிடுங்கி அதன் பக்கத்தில் கிடத்தினார்கள்.

கார்கள் வந்த அன்று அந்த வளைவில் போய் நின்றேன். ஒரே மூடுபனி. எதிரில் நின்ற மாடு கூடத் தெரியவில்லை. பன்னிரண்டு கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்காமலே போயின. இரண்டு நின்றன, ஒரு துரை சிகரெட் பிடித்து முடித்ததும் அவையும் கிளம்பிவிட்டன. என் நாலாவது நிறுத்தம் அவ்வளவுதான்.

பெட்ரோல் நாற்றம் அடங்கிய பிறகு, மெட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் தலையில் மிளகாய் மூட்டையோடு தனியாக ஏறி வந்தாள். லாரிக் கூலி கொடுக்க வழியில்லாதவர்கள் இன்னும் அப்படித்தான் வந்தார்கள். கல் இருந்த இடத்தில் நின்று, மூட்டையைப் பிடித்தபடி பனிக்குள் அங்கும் இங்கும் திரும்பினாள்.

“இங்கிட்டு ஒரு கல்லு இருந்துச்சேய்யா?”

நான் ஓடிப்போய் மூட்டையை இறக்கினேன். அப்பாடா என்று கீழே கிடந்த பலகைக் கல்லில் உட்கார்ந்தாள். எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று பிறகுதான் பார்த்தாள்.

“எந்தப் பாவி சாச்சான்? யாரு கல்லோ, புண்ணியவதி.”

“என் பொஞ்சாதி கல்லு. நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வர்ற ஞாயித்துக்கிழம நட்டுருவேன்” என்றேன்.

“அதுவரைக்கும் யாருய்யா எறக்கி விடுவா?”

மூட்டையை அவள் தலைக்குத் தூக்கிவிட்டேன். பனிக்குள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே நாலு பேரும் நான் கூப்பிடாமலே கடப்பாரையோடு வந்தார்கள். அதுவரை தினமும் ஆபீஸ் விட்டதும் இரண்டு மைல் நடந்து அந்த வளைவுக்குப் போய் இருட்டும் வரை நின்றேன். ஆறு நாளில் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் இறக்கிவிட்டேன்.