அவர் குனியாத நாள்

எங்கள் ஸ்கேன் டெக்னீஷியனுக்கு ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பெயர்தான்: ‘அசையாதீங்க’. மைக்கைப் பிடித்து நாளெல்லாம் அதையே சொல்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பத்தொன்பது வருஷமாகத் தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத அறையில் வேலை. வெளியே மழையா வெயிலா என்பதை நோயாளிகளின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். பக்கத்து மேஜையில் ரிப்போர்ட் தட்டுகிறவன் நான். அவருடைய கிண்டலுக்குத் தினமும் ஆளாகிறவனும் நான்தான்.

படம் எடுக்கலாம், வாய் திறக்கக் கூடாது என்பது அவர் வேலையின் சட்டம். நல்லதோ கெட்டதோ, டாக்டர்தான் சொல்வார். சரி, வாயை மூடிக்கொள்ளலாம், முகத்தை என்ன செய்வது? ஸ்கேன் மெஷினின் குழாய்க்குள் படுத்திருப்பவருக்கு மூச்சு முட்டாமல் இருக்க, கண்ணுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்திருப்போம். அதில் எங்கள் அறை அப்படியே தெரியும். அதனால் படம் மோசமாக வந்தால் இவர் சட்டென்று மேஜைக்கடியில் குனிந்து தண்ணீர் பாட்டிலைத் தேடுவார். முகம் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் நிமிர்வார்.

இந்தத் தந்திரத்தை வீட்டில் சொல்லித் தொலைத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் மனைவி போனில் கேட்கிற முதல் கேள்வி, “இன்னிக்கு எத்தனை தடவை தண்ணி குடிச்சீங்க?” என்பதுதான்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு மூன்று மாதமாகத் தலைவலி. “போட்டிருக்கிற கண்ணாடிய மாத்து, சரியாப் போயிடும்” என்று சொன்னவர் இவரேதான். அதற்காகத் தன்னையே அவர் திட்டிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன், இங்கே எழுத முடியாது. ஒரு நாள் அவள் வலது கையிலிருந்து டம்ளர் தானாக நழுவி விழுந்தது. அப்புறம் எடுத்த சாதாரண ஸ்கேனில் மூளையில் ஒரு கட்டி தெரிந்தது. அது சாதுவானதா பொல்லாததா என்று பார்க்கத்தான் செவ்வாய்க்கிழமை எங்களிடம் வந்தாள்.

“நீங்க வெளிய இருங்க, வேற ஆள் எடுக்கட்டும்” என்றார் டாக்டர்.

“வேற யாரு சொன்னாலும் நான் அசைவேன் டாக்டர். இவரே எடுக்கட்டும்” என்றாள் அக்கா.

அன்றைய முக்கியமான படம், தலைக்குள் இருக்கும் நீர் எப்படி நகர்கிறது என்று காட்டுவது. உடம்புக்குள் நீர் ஓயாமல் அலைந்துகொண்டே இருக்கும். கட்டியில் செல்கள் நெருக்கியடித்துக் கிடந்தால் அதற்கு நகர வழியில்லை, மாட்டிக்கொள்ளும். அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். நெருக்கம் கூடக்கூடக் கட்டி பொல்லாததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சதையை எடுத்துச் சோதித்தால்தான் உறுதி. ஆனாலும் டாக்டர் முதலில் தேடுவது இந்தக் கறுப்பைத்தான். அதன்மேல் ஒரு வட்டம் போட்டால், அங்கே நீர் எவ்வளவு நகர்கிறது என்பதற்கு ஓர் எண் வரும். எங்கள் மெஷினில் ஆயிரத்தைத் தாண்டினால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

எங்கள் டெக்னீஷியன் வட்டம் போட்டார். அறுநூற்று எழுபது. அழித்துவிட்டுப் பக்கத்தில் போட்டார். அறுநூற்றுத் தொண்ணூறு. மூன்றாவது தடவையும் போட்டார். எண் ஏறவில்லை.

வழக்கம்போலப் பாதி குனிந்துவிட்டார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியில் அவள் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளாவது அவள் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்க வேண்டும். அவர் கையில் இருந்தது அவ்வளவுதான். ஆகவே குனியவில்லை. இன்னும் பன்னிரண்டு நிமிஷப் படம் பாக்கி. எழுந்து போக முடியாது, திரும்பிக்கொள்ள முடியாது, கண்ணைத் துடைக்க முடியாது. முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அசையாதே, இன்னும் கொஞ்சந்தான்” என்று மைக்கில் சொன்னபோது குரல்கூடப் பிசகவில்லை. அவருக்குப் பதிலாக நான் மேஜைக்கடியில் குனிந்து, கீழே விழாத பேனாவைத் தேடினேன்.

படம் முடிந்தது. கதவைத் திறந்துகொண்டு அக்கா எங்கள் அறைக்கு வந்தாள். அவர் திரையை ஏற்கெனவே அணைத்திருந்தார்.

“என்னங்க, தண்ணியே குடிக்கல?”

“குடிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. அதான்” என்றார் அவர், சிரித்த முகமாக.

“ஒண்ணும் இல்லேன்னா வேணும்னே நாலு தடவ குனிஞ்சு என்னைப் பயமுறுத்தியிருப்பீங்க. இருபது வருஷமா உங்களோட குப்பை கொட்றேன், இதுகூடத் தெரியாதா எனக்கு?”



அக்கா குனிந்து மேஜைக்கடியில் கைவிட்டுப் பாட்டிலை எடுத்தாள். “இப்பக் குடிங்க” என்று நீட்டினாள்.

அவரால் மூடியைத் திறக்க முடியவில்லை. வலது கை சரியாகப் பிடிக்காத அவளேதான், பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் திறந்து கொடுத்தாள்.