லேசான எரிச்சல்

உள்ளறையில் மூச்சு மிஷின் மறுபடியும் உறும ஆரம்பித்தது. அதையும் மீறிக்கொண்டு ஓர் இருமல். தகரத்தைத் தரையில் போட்டு இழுப்பதுபோல் நீளமாக, விடாமல் வந்தது அது. முன்னறையில் பேசிக்கொண்டிருந்த பொது மேலாளர் பாதி வாக்கியத்தில் நின்றார். இருமல் ஓயும்வரை மரியாதையாகத் தரையைப் பார்த்தார். ஓய்ந்ததும் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார்.

“அதனாலதான் மேடம், உங்க தம்பி வாயால வந்தா அதுக்கு ஒரு தனி மதிப்பு இருக்கும்னு நினைச்சோம்.”

“அவன் வாயில மூச்சே ஒழுங்கா வரமாட்டேங்குது சார். வார்த்தை எங்கேயிருந்து வரும்?”

மேலாளர் சிரித்தார். எதிரே இருந்த முகம் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் மீதிச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

இருவருக்கும் நடுவில் மேஜைமேல் ஒரு பழக்கூடை. பளபளக்கும் தாள், சிவப்பு ரிப்பன், ரிப்பனில் ஒரு சின்ன அட்டை. ‘விரைவில் நலம் பெற உங்கள் குடும்பத்தில் ஒருவராக வாழ்த்துகிறோம்.’ ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தது அவள்தான். அடிபட்ட எத்தனையோ பேர் வீட்டுக்கு அது போயிருக்கிறது. அவள் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை.

அவள் அந்தத் தொழிற்சாலையின் மக்கள் தொடர்பு அதிகாரி. தரை துடைக்கிற திரவமும் பாத்திரம் கழுவுகிற திரவமும் செய்கிற இடம் அது. பத்தொன்பது வருஷமாக அதே மேஜை, அதே நாற்காலி. அங்கே நல்லது நடந்தால் பத்திரிகைகளுக்கு எடுத்துச் சொல்வாள். கெட்டது நடந்தால் பூசி மெழுகுவாள். நிருபர்கள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘மெழுகு மேடம்’. அது முதலில் காதில் விழுந்த அன்று அவளுக்குக் கோபம் வரவில்லை. உள்ளூர ஒரு பெருமைகூட வந்தது. ஐயோ, அந்தப் பெருமை!

பள்ளிக்கூட நாளிலேயே அந்தக் கை அப்படித்தான். தெருவில் யாருக்கு லீவு லெட்டர் வேண்டுமானாலும் அவளிடம்தான் வருவார்கள். சினிமாவுக்குப் போனவனுக்குக் கடும் காய்ச்சல் வரவழைப்பாள். படிக்கிற வாத்தியார் திட்ட மறந்து, “பத்திரமா பார்த்துக்கப்பா” என்று சொல்லும்படி எழுதுவாள். அம்மா போனபோது அவளுக்கு இருபது வயது, தம்பிக்கு ஒன்பது. அந்த எழுத்தை நம்பித்தான் அவனுக்குச் சட்டை வாங்கினாள், புத்தகம் வாங்கினாள், ஆளாக்கினாள். கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், “எனக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கு” என்று சிரிப்பாள். அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பேக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

பதினோரு நாளைக்கு முன்னால், ஒரு புதன்கிழமை மதியம், யாரோ ஒரு குழாயைத் தப்பான தொட்டியில் மாட்டிவிட்டார்கள். பேக்கிங் பிரிவு முழுக்கப் பச்சை மஞ்சளாகப் புகை. அரைமணி நேரத்துக்குள் செய்திக் குறிப்பு வேண்டும் என்று கேட்டார் மேலாளர். எழுதினாள். உண்மையாகத்தான் எழுதினாள்! ‘வெளியேறியது குளோரின் வாயு. அதைச் சுவாசித்த ஏழு பேருக்கும் நுரையீரல் பரிசோதனை அவசியம்.’ மேலாளர் பச்சை மைப் பேனாவால் இரண்டு வரியையும் அடித்தார். வாயு என்ற இடத்தில் ‘சோப்பு வாசனை’ என்று எழுதினார். ஓரத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார்.

“சுவாசித்தங்கிற இடத்துக்கு நீங்களே ஏதாவது மெத்துன்னு ஒரு வார்த்தை போடுங்க மேடம். உங்களுக்குத் தெரியாததா?”

அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ‘சிலருக்கு லேசான எரிச்சல் ஏற்பட்டது. முதலுதவிக்குப் பின் வீடு திரும்பினர்.’

குறிப்பு எல்லாப் பத்திரிகைகளுக்கும் போன பிறகுதான் ஏழு பேர் பட்டியல் அவள் மேஜைக்கு வந்தது. நாலாவது பெயர் அவள் தம்பி.

பச்சை மைத் தாளைக் கைப்பையில் திணித்துக்கொண்டு செருப்புக்கூட மாட்டாமல் ஓடினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாயுவின் பெயரைக் காதோடு காதாகச் சொன்னாள். “யார் சொன்னாங்கன்னு மட்டும் எழுதிடாதீங்க டாக்டர்.” உடனே எக்ஸ்ரே, ஆக்சிஜன், எட்டு நாள் படுக்கை. தம்பி பிழைத்தான். மற்ற ஆறு பேர்? அவர்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று தனக்குத் தானே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டாள். தன்னிடமே மெழுகினாள்.

“ரெண்டே பாரா மேடம். நீங்க ஒரு தடவை பார்த்துட்டா போதும்” என்று மேலாளர் தாளை நீட்டினார். “அரசாங்க விசாரணை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வெளியே வந்துடணும். முதல்ல வார்த்தை, அப்புறம் வாய். நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?”

ஆமாம், அவள் சொல்லிக் கொடுத்ததுதான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் நடத்துகிற முதல் பாடம் அது. பாராட்டை நாமே எழுதிவிட வேண்டும், அதைச் சொன்னவரை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

படித்தாள். ‘எனக்கு ஏற்பட்டது லேசான எரிச்சல் மட்டுமே. நிர்வாகம் என்னைத் தன் குடும்பத்தில் ஒருவராகக் கவனித்துக்கொண்டது. என் வலது கை இப்போது முழுமையாகக் குணமாகிவிட்டது. விரைவில் பணிக்குத் திரும்புவேன்.’ கீழே தம்பியின் பெயர்.

இன்னொரு தடவை படித்தாள். வலது கை!

“இதை யார் சார் எழுதினது?”

“ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பொண்ணு. உங்க பழைய ஃபைலைப் பார்த்துத்தான் எழுதிச்சு. ஏன், நல்லா வரலையா?”

அந்த வரியை அவளுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் மூடி அழுத்துகிற மிஷினில் கையைக் கொடுத்த ஒருவருக்காக அவள் எழுதியது. அப்போது அவரை அவள் பார்த்ததுகூடக் கிடையாது. கை எப்படி இருக்கிறது என்று யாரிடமும் கேட்டதும் கிடையாது. ஆனால் தாளில் குணப்படுத்திவிட்டாள். அப்புறம் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில், அதோ அவர்தான் என்று யாரோ காட்ட, பார்த்தாள். பர்ஸைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் சில்லறையை எடுத்துக்கொண்டிருந்தார். வலது சட்டைக்கை மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனாள்.

அந்தக் கை இப்போது அவள் வீட்டு மேஜைக்கே வந்துவிட்டது.

அவளுக்குக் கோபம் வந்தது. மேலாளர்மேலா, தன்மேலா என்று பிரிக்க முடியவில்லை. தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. மிஷினின் முகமூடி கழுத்தில் தொங்க, ஒரு கையில் சுவரையும் மறு கையில் போனையும் பிடித்துக்கொண்டு தம்பி வந்தான். மேலாளர் எழுந்தார். தம்பி அவரைப் பார்க்கவே இல்லை.

“அக்கா, லேபிள் அக்காவோட பொண்ணு லைன்ல இருக்கு.”

லேபிள் அக்கா என்பது பேக்கிங் பிரிவில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள். பதினாலு வருஷமாகத் தம்பிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவள். பட்டியலில் ஐந்தாவது பெயர்.

“ரெண்டு படி ஏறினா உதடு நீலமாயிடுதாம். அவங்க டாக்டர் பேப்பர்ல படிச்சாராம், சோப்பு வாசனைதான், அலர்ஜின்னு இருமல் மருந்து குடுத்து அனுப்பிட்டாராம்.” மூச்சு வாங்க நிறுத்தினான். “என் ஆஸ்பத்திரி சீட்டுல மட்டும் முதல் நாளே குளோரின்னு எழுதியிருக்கே. என் டாக்டருக்கு மட்டும் யாருக்கா சொன்னது?”

அவள் மேஜையோரம் இருந்த கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீதானே?”

“...ஆமாடா.”

“எனக்கு மட்டும்?”

“உன்னைக் காப்பாத்தணும்னுதான்...”

“நான் என்னக்கா பெரிய இவனா? அந்தப் புகையில என்னைத் தரதரன்னு இழுத்துட்டு வந்து வெளிய போட்டது அந்த அம்மாதான். அவங்க திரும்ப உள்ள போய் இன்னொருத்தரையும் இழுத்துட்டு வந்தாங்க. அவங்களுக்கு இருமல் மருந்து. உன் தம்பிக்கு மட்டும் உண்மை. அப்படித்தானே? சீ!”

அந்தச் ‘சீ’! ஒன்பது வயதிலிருந்து அவள் ஊட்டி வளர்த்த வாயிலிருந்து வந்தது அது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மேலாளரின் முகம் மாறியிருந்தது. “மேடம், நீங்க டாக்டர்கிட்ட சொன்னீங்களா? எங்களைக் கேக்காமலா?”

அவள் தம்பியின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“கண்ணு, நான் அவனோட அக்கா பேசறேன். அழாம கேளு. அம்மாவை இந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நடக்க விடாத, வண்டி வை. சோப்பு வாசனை இல்ல, குளோரின் வாயு. டாக்டர்கிட்ட அந்த வார்த்தையை அப்படியே சொல்லு. கு-ளோ-ரின். கேட்டாங்கன்னா கம்பெனி மக்கள் தொடர்பு அதிகாரியே சொன்னாங்கன்னு சொல்லு. என் நம்பரைக் குடு.”

“மேடம், நிறுத்துங்க!” மேலாளர் குரலை உயர்த்தினார். “என்ன செய்றீங்கன்னு புரிஞ்சுதான் செய்றீங்களா?”

“பத்தொன்பது வருஷமா புரியாமதான் செஞ்சேன் சார்.” போனைத் தம்பியிடம் திருப்பித் தந்தாள். “மத்த அஞ்சு பேருக்கும் நீயே கூப்பிட்டுச் சொல்லுடா. பேச முடியலேன்னா மெசேஜ் அனுப்பு.”

தம்பி சுவரில் சாய்ந்தபடி எண்களைத் தட்ட ஆரம்பித்தான்.

அவள் கைப்பையிலிருந்து தன் போனையும், நாலாக மடித்த ஒரு தாளையும் எடுத்தாள். ஒரு நாளிதழ் நிருபரின் எண்ணைத் தட்டி, போனை மேஜைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டாவது மணியிலேயே நிருபர் எடுத்துவிட்டான்.

“என்ன மேடம், ஞாயித்துக்கிழமை அதுவுமா! கம்பெனியில மரம் ஏதாவது நட்டீங்களா?”

“பேனா எடு தம்பி. திருத்தம் ஒண்ணு சொல்றேன்.”

“திருத்தமா? நீங்களா?” அவன் குரலில் இருந்த கிண்டல் சட்டென்று இறங்கிவிட்டது. “சொல்லுங்க மேடம்.”

மடிப்பை விரித்தாள். பச்சைக் கோட்டுக்கு அடியில் அவள் எழுத்து அப்படியே இருந்தது. “வெளியேறியது குளோரின் வாயு. அதைச் சுவாசித்த ஏழு பேருக்கும் நுரையீரல் பரிசோதனை அவசியம். இதுதான் நான் முதல்ல எழுதினது. இதை அடிச்சது பொது மேலாளர். பச்சை மையும் கையெழுத்தும் இருக்கு, படம் அனுப்பறேன். அடிச்ச இடத்துல ‘லேசான எரிச்சல்’னு போட்டது...” தம்பியை ஒருதரம் பார்த்தாள். “போட்டது நான். அவர் வார்த்தைகூட இல்ல, என் வார்த்தை. பொய்னு தெரிஞ்சே போட்டேன்.”

மறுமுனையில் அவன் மெதுவாகக் கேட்டான். “வழக்கம்போல நிறுவன வட்டாரங்கள்னு போட்டுடவா மேடம்?”

“வட்டாரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் முழுப் பேரையும் போடு. எழுத்துப்பிழை இல்லாம போடு.”

“அப்புறம் ஒண்ணு மேடம்...”

“அப்புறம் நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் கை குணமாயிடுச்சுன்னு எழுதினேனே, அதைப் பத்தி நாளைக்குப் பேசலாம். முதல்ல நான் அவர் வீட்டைக் கண்டுபிடிக்கணும்.”

போனை அணைத்தாள்.

மேலாளர் ஃபைலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நெற்றியில் வேர்வை. “நாளையிலேருந்து நீங்க ஆபீஸ் பக்கம் வரவேண்டாம்.”

“தெரியும் சார். அதுக்கு ஒரு குறிப்பு எழுதுவீங்க இல்ல? ‘சொந்தக் காரணங்களால் விலகினார்’னு. அந்த வார்த்தையும் என்னோடதுதான், பழைய ஃபைல்ல இருக்கும். இந்தத் தடவை கையைக் காலை மாத்திப் போட்டுடாதீங்க.”

“இவ்வளவு நன்றி கெட்டவங்களா நீங்க? உங்களுக்குச் சோறு போட்ட கம்பெனி. கோபத்துல செய்றீங்க. அப்புறம் வருத்தப்படுவீங்க.”

“கோபமா?” அவள் அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். “சேச்சே. லேசான எரிச்சல்தான் சார்.”

சுவரோரம் சிரிப்பு வெடித்தது. சிரிப்பு இருமலாக மாறி, இருமல் தம்பியை இரண்டாக மடித்தது. அவள் ஓடிப்போய் முதுகைத் தடவினாள். அவன் அவள் கையைத் தட்டிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. மூச்சு ஓரளவுக்குத் திரும்பியதும் நிமிர்ந்து, மேஜை அருகே வந்தான். பழக்கூடையை வலது கையால் தூக்கினான்.

“இந்தாங்க சார், எடுத்துட்டுப் போங்க. கைதான் முழுசா குணமாயிடுச்சே எனக்கு.”

மேலாளர் வாங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றார். கடைசியில் வாங்கினார். பளபளத் தாள் படபடவென்று சத்தம் போட, ஃபைல் ஒரு பக்கமும் கூடை ஒரு பக்கமுமாக ஷூவை மாட்டத் தடுமாறினார். யாரும் உதவவில்லை. படி இறங்கும்போது ரிப்பனிலிருந்து அந்த அட்டை கழன்று வாசலில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் குனிந்து அதை எடுத்தாள். நாலாகக் கிழித்தாள். உள்ளே தம்பி அடுத்த எண்ணைக் கூப்பிட்டு, “அண்ணே, நான்தான் பேசறேன். முக்கியமான விஷயம், கேளுங்க” என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.