எண்பத்தேழு அசுந்தா

ஒருரோ நகரத்துப் பொறியியல் கல்லூரிக்குப் போய், "அசுந்தா கோல்கே எங்கே இருப்பாங்க?" என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். "எண்பத்தேழு எங்கே?" என்று கேட்டால் போதும், வாசல் காவலாளியே கை காட்டிவிடுவார். "நேரா போங்க. மாடிப்படிக்குக் கீழ இரும்புக் குண்டு தொங்கும். பக்கத்துல ஒரு அம்மா யாரையாவது திட்டிட்டு நிப்பாங்க. அவங்கதான்."

அந்தப் பெயர் தண்ணீரால் வந்தது.

அசுந்தா பிறந்தது வெள்ளீயச் சுரங்க ஊரான ஹுவானுனியில். பௌதிகம் படிக்க ஒருரோவுக்கு வந்த முதல் வருஷம், ஆய்வகத்தில் முதல் வேலையே தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பநிலையைக் குறிப்பதுதான். தண்ணீர் குமுறிக் கொதித்தது. தெர்மாமீட்டரின் பாதரசம் எண்பத்தேழில் ஏறி நின்றது, அதற்கு மேல் அசையவில்லை. அசுந்தா எண்பத்தேழு என்று எழுதினாள். வாத்தியார் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"தண்ணி நூறுல கொதிக்கும்னு உங்க பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா? இல்ல, ஹுவானுனித் தண்ணிக்கு மட்டும் சோம்பலா?"

வகுப்பே சிரித்தது. மறுதேர்வில் அவள் அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்தில் நூறு என்று எழுதிக் கொடுத்தாள். முழு மதிப்பெண். "இப்பத்தான் கருவியைப் பிடிக்கத் தெரிஞ்சிருக்கு" என்று பாராட்டு வேறு. அந்தப் பாராட்டு செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

தண்ணீர் நூறு டிகிரியில் கொதிப்பது கடலோரத்தில். ஒருரோ ஏறக்குறைய நாலாயிரம் மீட்டர் உயரத்தில், காற்று மெலிந்த இடத்தில் இருக்கிற ஊர். இது அங்கே யாருக்குத் தெரியாது? குக்கர் இல்லாத வீடு கிடையாது. பருப்பு வேகாது, கறி வேகாது. ஆனாலும் காலையில் வீட்டில் குக்கருக்கு விசில் போட்டுவிட்டு வருகிற அதே கை, ஆய்வக ரெக்கார்டில் நூறு என்று எழுதும். புத்தகம் அச்சடித்த ஊரில் தண்ணீர் நூறில் கொதிக்கிறது என்பதற்காக.

பட்டம் வாங்கி, வருஷக்கணக்கில் காத்திருந்து, போட்டித் தேர்வு எழுதி அதே ஆய்வகத்துக்கு ஆசிரியையாக வந்தபோது அசுந்தா முதலில் செய்த காரியம், கதவுக்கு மேலே ஒரு பலகை மாட்டியது: "இங்கே சமைக்கக் கூடாது." புதிதாக வரும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுக் கையிலிருக்கும் சல்தேஞ்ஞா என்ற கறிப் பலகாரத்தை அவசர அவசரமாகப் பைக்குள் மறைப்பார்கள்.

"சாப்பிடுறது சாப்பிடுங்க தம்பி, அதுல தப்பில்ல," என்பாள் அசுந்தா. "எண்களைச் சமைக்காதீங்க. விடை இதுதான்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு ஏத்த மாதிரி அளவு எழுதுறீங்க பாருங்க, அந்தச் சமையல்தான் இங்க கூடாது. கருவி காட்டுறதை எழுதுங்க. கோணலா வந்தா ஏன் கோணல்னு யோசிங்க. மதிப்பெண் யோசனைக்குத்தான், விடைக்கு இல்ல."

சொன்னால் யார் கேட்கிறார்கள்? முதல் வாரம் எல்லா மேஜையிலும் நூறு. கொஞ்சம் கெட்டிக்காரர்கள் நம்பும்படி இருக்கட்டும் என்று தொண்ணூற்றொன்பதரை போடுவார்கள். அசுந்தா கொதிக்கிற பீக்கருக்குப் பக்கத்தில் அவர்களை நிற்க வைத்து, முதல் வருஷம் தான் பிடித்த அதே பழைய தெர்மாமீட்டரை உள்ளே விட்டு, "படிங்க" என்பாள். "எண்பத்தேழு, இஞ்ஜே." "இன்னும் சத்தமா." "எண்பத்தேழு!" அடுத்த ஆய்வகம் வரைக்கும் கேட்கும். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பெயர். பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிற எல்லாரும் பிள்ளைகளுக்கு இஞ்ஜே, அதாவது எஞ்சினியர். அவள் எஞ்சினியர் இல்லை. திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

மாடிப்படி ஊசலும் அவள் கொண்டு வந்ததுதான். ஹுவானுனியில் தாதுக்கல் அரைக்கும் ஆலையில் போடுகிற இரும்புக் குண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, மூன்றாவது மாடி உத்தரத்திலிருந்து கம்பியில் தொங்கவிட்டாள். அது ஒரு முறை போய்த் திரும்புவதற்குள் நிதானமாக மூச்சு விடலாம். அந்த ஆட்டத்தின் நேரத்தையும் கம்பியின் நீளத்தையும் வைத்து, பூமி அந்த இடத்தில் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று கணக்குப் போடலாம். புத்தகம் சொல்வது ஒன்பது புள்ளி எட்டு ஒன்று. ஒருரோ மாடிப்படி சொல்வது ஒன்பது புள்ளி ஏழு ஏழு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், அதுவும் மலைமேல். பூமி இங்கே கொஞ்சம் தளர்த்தித்தான் பிடிக்கிறது.

"எங்க ஊர்ல எல்லாருக்கும் எடை கம்மி," என்று சொல்லி அசுந்தா தன் அகலமான இடுப்பைத் தட்டிக் காட்டுவாள். பிள்ளைகள் சிரித்து உருளுவார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கல்லூரியின் தரத்தைச் சோதிக்க வெளிநாட்டுக் குழு வரப்போகிறது என்ற செய்தி வந்தது. துறைத் தலைவர் ரெம்பெர்த்தோ நல்ல மனிதர். அசுந்தாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். அந்தக் காலத்தில் அவரும் நூறு என்றுதான் எழுதினார், ஆனால் அவருக்கு அது உறுத்தவில்லை.

"அசுந்தீத்தா, உட்காருங்க," என்றார். அவர் இப்படி அவள் பெயரைச் செல்லமாக நீட்டினால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம். "இந்த ஆய்வக அறையைக் கம்ப்யூட்டர் ஹாலா மாத்தணும்னு மேலிடத்துல ரொம்ப நாளா சொல்றாங்க. ஊசல் திரையிலேயே ஆடும். தண்ணியும் திரையிலேயே கொதிக்கும். எப்பவும் சரியான விடை வரும்."

"அதுதான் என் பயமே."

"கேளுங்க. வர்ற குழு நம்ம ஆய்வகத்தை மெச்சினா அறை உங்களுக்கே. குறை சொன்னா அடுத்த மாசமே மேஜையைத் தூக்கிடுவாங்க, என்னால தடுக்க முடியாது. அன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒன்பது புள்ளி எட்டு ஒண்ணு வரட்டுமே? பார்க்க அழகா இருக்கும்."

"அது நம்ம கையில இல்ல ரெம்பெர்த்தோ. பூமி கையில இருக்கு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

குழு வந்தது ஆகஸ்டில். அங்கே அது குளிர்காலம், பூமித்தாயின் மாதம். அவள் பசித்து வாய் திறந்திருப்பாள், படைக்க வேண்டும். பிள்ளைகள் இரும்புக் குண்டுக்கும் படையல் வைத்து, சாராயம் தெளித்து, வண்ணக் காகிதச் சுருள்களைச் சுற்றி மணப்பெண் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். அசுந்தா பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"யாருடா இது? காகிதத்தைக் கழட்டுங்க."

"கழட்டினா பூமித்தாய்க்குக் கோபம் வரும், இஞ்ஜே," என்றான் குரோவர். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் அவன், வகுப்பின் வாய்.

"காத்துல உரசி ஆட்டம் கெட்டா எனக்குக் கோபம் வரும். எது தேவலாம்னு நீயே பார்த்துக்க."

காகிதம் குண்டிலிருந்து படிக்கட்டுக் கைப்பிடிக்கு மாறியது.

குழுவின் தலைவர் பெர்த்தொலொத்தி டாக்டர் பட்டம் வாங்கிய கடலோரத்து எஞ்சினியர். வெள்ளை மீசை. உயரம் ஒத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கினார். கையில் அதற்கு மருந்தாகக் கோகா இலைத் தேநீர். அவர் கவனமெல்லாம் தீயணைப்புக் குடுவை எங்கே, அவசரக் கதவு எங்கே என்பதில்தான். குரோவரின் அணி ஊசலை ஆட்டி, நேரம் எடுத்து, கணக்குப் போட்டுச் சுவரோரக் கரும்பலகையில் விடையை எழுதியது. ஒன்பது புள்ளி எட்டு ஒன்று.

"ஓ, அருமை," என்றார் பெர்த்தொலொத்தி, பலகையைப் பாதிக் கண்ணால் பார்த்தபடி. "பிழை எவ்வளவு?"

"பிழையே இல்லை, டாக்டர்!" என்றான் குரோவர்.

ரெம்பெர்த்தோவின் முகம் மலர்ந்தது. அசுந்தா விடையை இன்னொரு முறை படித்தாள். அந்த மாடிப்படியில் அந்த எண் வராது. எத்தனையோ வருஷமாக ஒரு முறைகூட வந்ததில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அறை பிழைக்கும். மேஜை, அடுப்பு, தராசு, குண்டு எல்லாம் பிழைக்கும். வாயைத் திறந்தால் தன் பிள்ளைகளே சமைத்தார்கள் என்று வெளியாள் முன்னால் ஆகிவிடும். பெர்த்தொலொத்தி ஆய்வகக் கதவுப் பக்கம் திரும்பிவிட்டார்.

அந்தக் கதவுக்கு மேலே பலகை இருந்தது. *இங்கே சமைக்கக் கூடாது.*

"டாக்டர், ஒரு நிமிஷம்," என்றாள் அசுந்தா. டஸ்டரை எடுத்தாள், விடையை அழித்தாள். ரெம்பெர்த்தோ கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி குரோவர். என்ன வந்துச்சு?"

"ஒம்பது புள்ளி எட்டு..."

"குண்டு சொன்னது என்னன்னு கேட்டேன்."

குரோவர் தரையைப் பார்த்தான். பிறகு ரெம்பெர்த்தோவை ஓரக்கண்ணால் பார்த்தான். அதிலேயே அசுந்தாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஆகஸ்ட் மாசம் இல்லையா, இஞ்ஜே," என்றான் கடைசியில் மெல்ல. "பூமித்தாய் வாயைத் திறந்து வெச்சிருக்கா. இழுக்கிற பலம் கொஞ்சம் கூடியிருக்கும்னு..."

மேல் மாடியிலிருந்து யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினார்கள். அப்புறம் மூன்று மாடியும் சிரித்தது. அசுந்தாவுக்கும் சிரிப்பு முட்டியது.

"ஒம்பது புள்ளி ஏழு ஏழு," என்றான் குரோவர். "உங்க அறை போயிடும்னு சொன்னாங்க, இஞ்ஜே. அதான்."

அசுந்தா அவனைத் திட்டவில்லை. பெர்த்தொலொத்தியின் பக்கம் திரும்பினாள்.

"என் பிள்ளைங்க என் மேல இருக்கிற பாசத்துல எண்ணைச் சமைச்சுட்டாங்க, டாக்டர். உண்மையா வந்தது ஏழு ஏழு. அது பிழை இல்ல, அதுதான் எங்க ஊர். நம்ப முடியலைன்னா கடிகாரத்தை நீங்களே பிடிங்க."

அவர் தேநீர்க் கோப்பையை ரெம்பெர்த்தோவின் கையில் கொடுத்தார். துறைத் தலைவருக்குக் கோப்பை பிடிக்கும் வேலை. கடிகாரத்தை வாங்கிக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தார். குரோவர் குண்டை இழுத்து விட்டான். முதல் ஆட்டம் திரும்பியதும் மேலிருந்து ஒரு பெண் குரல் "ஒண்ணு" என்றது. "ரெண்டு" என்றபோது பத்துக் குரல். அப்புறம் கைப்பிடியில் சாய்ந்திருந்த எல்லாரும், வேறு துறைப் பிள்ளைகள்கூட, ஒவ்வொரு ஆட்டத்தையும் கூட்டாக எண்ணினார்கள். திருவிழா ஊர்வலத்தில் மேளத்துக்கு அடி வைப்பது மாதிரி கட்டிடமே எண்ணியது. கடைசி எண்ணுக்கு பெர்த்தொலொத்தி கடிகாரத்தை அழுத்தினார். கணக்கையும் அவரே போட்டார், தன் சட்டைப்பையிலிருந்த பேனாவால்.

ஒன்பது புள்ளி ஏழு ஏழு.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க கல்லூரியில எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டு ஒண்ணுதான் வரும்," என்றார். "ஒவ்வொரு வருஷமும், எல்லாருக்கும்." பேனாவை மூடினார். "இப்ப அது எப்படின்னு யோசிக்கிறேன்."

அறிக்கை வருவதற்குள் குளிர்காலம் போய்விட்டது. ரெம்பெர்த்தோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். குண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அசுந்தா," என்றார். இந்த முறை பெயரை நீட்டவில்லை. "அறை உங்களுக்கே. புதுத் தெர்மாமீட்டர் வாங்கித் தரணும்னு எழுதியிருக்காங்க. குண்டுக்கு அடியில வலை கட்டணுமாம், யார் தலையிலயும் விழாம." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பையன்கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும். வலைக்குக் கயிறு வாங்கிக் குடுங்க."

அதோடு கதை முடிந்தது என்றுதான் அசுந்தாவும் நினைத்தாள். அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். முதல் வாரம், தண்ணீர், அடுப்பு. மேஜை மேஜையாகப் போய்ப் பார்த்தவள் அசந்து நின்றாள். நூறு என்று ஒருத்தரும் எழுதவில்லை. எல்லாரும் எண்பத்தேழு. ஜன்னலோர மேஜையில் அடுப்பே பற்ற வைக்கவில்லை, அங்கேயும் எண்பத்தேழு. ஆசிரியையின் பட்டப்பெயரே விடை என்று சீனியர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்! அந்த சீனியர்களில் முதல் ஆள் யாராக இருப்பான் என்று அவளுக்குக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

கடைசி மேஜையில் ஒரு பெண் மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் வாரா. அவள் தாளில் எண்பத்தெட்டு என்று இருந்தது.

"எண்பத்தேழுடீ! அவங்க பேரே அதுதான்!" என்று பக்கத்துப் பெண் கிசுகிசுத்தாள். அது அறை முழுக்கக் கேட்டது.

"பேர் என்னவா வேணா இருக்கட்டும், என் தெர்மாமீட்டர் எண்பத்தெட்டுதான் காட்டுது," என்றாள் வாரா. நிமிர்ந்தபோது அசுந்தா எதிரே நிற்பதைப் பார்த்து எழுந்துவிட்டாள். "மன்னிச்சுக்குங்க, இஞ்ஜே. மூணு தடவை பார்த்துட்டேன். நான் என்ன செய்ய?"

அசுந்தா தன் பழைய தெர்மாமீட்டரை அதே பீக்கரில் விட்டாள். எண்பத்தேழு. வாராவுடையது புதிது. எண்பத்தெட்டு. வகுப்பு மேஜையைச் சுற்றிக் கூடியது.

"ஐஸ் கொண்டு வாங்க."

உருகுகிற ஐஸ் எந்த மலையில் இருந்தாலும் பூஜ்யம்தான் காட்ட வேண்டும். இரண்டையும் அதில் வைத்தாள். புதியது பூஜ்யத்தில் நின்றது. பழையது, இத்தனை வருஷம் அவள் ஊரெல்லாம் கூவ வைத்த பழையது, ஒரு டிகிரி கீழே இறங்கி நின்றது.

பிறகு அசுந்தா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வாராவின் தாளை வாங்கி முழு மதிப்பெண் போட்டாள். ஜன்னலோர மேஜையைப் பார்த்து, "அடுப்பைப் பத்த வைங்க தம்பிகளா, எல்லாரும் மறுபடி முதல்ல இருந்து" என்றாள்.

மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது வாசல் காவலாளி வழக்கம் போலக் கை தூக்கினார். "போயிட்டு வாங்க, எண்பத்தேழு!"

"எண்பத்தெட்டு," என்றாள் அசுந்தா. "இன்னைக்குத்தான் ஒரு பொண்ணு திருத்தினா. என் மாணவி."